பதினொரு தலையணை

நல்லூர்த் திருவிழாவுக்கென்று கனடாவில் இருந்து சின்னம்மாவின் மகன் குடும்பத்தோடு வருவதாகச் சொன்னான். நான்கு பேர். யாழ்ப்பாணம் போகுமுன் நான்கு நாள் கொழும்பில், எங்கள் வீட்டில். வெள்ளவத்தையில் இரண்டறைத் தொடர்மாடி வீடு வைத்திருக்கிற எல்லாருக்கும் தெரிந்த கதைதான் இது; ஆடி பிறந்தால் கட்டுநாயக்க விமான நிலையத்துக்கும் வீட்டுக்கும் இடையில் வான் ஓடத் தொடங்கிவிடும். அறையை ஒதுக்குவோம் என்று அலுமாரியின் மேல்தட்டில் திணித்து வைத்திருந்ததை எல்லாம் இறக்கிக் கட்டிலில் போட்டேன். எல்லாம் தலையணைகள். எண்ணிப் பார்த்தால் பதினொன்று. நாங்கள் அன்றாடம் தலை வைத்துப் படுக்கிறவை இந்தக் கணக்கில் இல்லை. வீட்டில் இருப்பதோ நானும் அவரும் மகளும், மூன்று பேர்.

பதினொன்றையும் ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தேன், முகர்ந்து பார்த்தேன். சிலது கட்டி கட்டியாகக் கையில் தட்டுப்பட்டது. சிலது பாய் மாதிரிச் சப்பையாகக் கிடந்தது. இரண்டில் பூஞ்சண வாசம். உறையைக் கழற்றினால் எல்லாவற்றிலும் தேயிலைச் சாயம் ஊற்றினதுபோல மஞ்சள் வளையங்கள். வருகிற நான்கு பேருக்குக் கொடுக்கக்கூடியதாக ஒன்றுகூட இல்லை.

மகள் கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "இதுகளை ஏதாவது ஒரு சிறுவர் இல்லத்துக்குக் குடுத்திட்டு, அவைக்குப் புதுசா நாலு வாங்குவம் அம்மா" என்றாள். அவள் நல்ல மனதோடுதான் சொன்னாள். இந்த ஊரில் எல்லாரும் சொல்கிறதைத்தான் சொன்னாள். நானும் பல வருடம் அப்படித்தான் சொல்லியும் செய்தும் வந்தேன். ஆனால் அன்று எனக்குப் பதில் வரவில்லை. ஒரு நிமிடத்துக்கு முன்தான் அந்தப் பதினொன்றையும் முகர்ந்துவிட்டு, என் சொந்தக்காரர் தலைக்கு ஆகாது என்று தீர்மானித்திருந்தேன். அதே தலையணை ஒரு இல்லத்துப் பிள்ளையின் தலைக்கு எப்படி ஆகும்? இந்தக் கேள்வியை 2016இல் வெல்லம்பிட்டியவில் ஒரு பெண் எனக்குள் போட்டுவிட்டுப் போனாள். அதை யாரிடமும் விரிவாகச் சொன்னதில்லை.

போனவர்கள் விட்டுப் போனவை

முதலில் பதினொன்று எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். 1996இல் நாங்கள் இந்த வீட்டுக்கு வந்தபோது ஒரு பயணப்பைக்கு மேல் எங்களிடம் எதுவும் இல்லை. ஆனால் வந்த மாதமே வீடு நிரம்பிவிட்டது. விசாவுக்குக் காத்திருக்கிறவர், ஏஜென்சிக்காரன் தொலைபேசிக்குக் காத்திருக்கிறவர், கண் சத்திரசிகிச்சைக்கு வந்த மாமி, பொலிஸ் பதிவுக்கு அலைகிற மச்சான். ஒரு சமயம் மண்டபத்தில் வரிசையாகப் பதினான்கு பேர் படுத்திருக்கிறார்கள். பாய் போதாவிட்டால் பெட்சீற்றை விரிக்கலாம். தலையணைக்கு அப்படி மாற்று இல்லை. அவர் புறக்கோட்டைக்குப் போய் இரண்டு, மூன்று என்று வாங்கிக்கொண்டு வருவார். வந்தவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். சூரிச், மொன்றியல், லண்டன். பெட்டியின் கிலோக் கணக்கில் ஊறுகாய்க்கு இடம் இருந்தது, மிளகாய்த்தூளுக்கு இடம் இருந்தது. தலையணையை யாரும் பெட்டியில் வைப்பதில்லை. அவர்கள் போக, அது இங்கேயே தங்கிவிடும்.

அந்தக் காலத்தில் வாங்கியவை இலவம்பஞ்சு. இலவு காத்த கிளி என்று ஊரில் சொல்வார்கள் அல்லவா, பழுக்கும் பழுக்கும் என்று காத்திருந்த கிளிக்கு வெடித்துப் பறந்த அதே பஞ்சுதான். ஒவ்வொரு இழையும் உள்ளே காற்றடைத்த மெல்லிய குழாய், வெளியே மெழுகுப் பூச்சு. அதனால்தான் அது அவ்வளவு இலேசு, தண்ணீரில் மிதக்கும். உலகப் போர்க் காலத்தில் கப்பற்காரரின் உயிர்காப்பு அங்கிகளில் இதைத்தான் அடைத்தார்கள். நூற்க முடியாத வழுவழுப்பு, அதனால் தலையணைக்கும் மெத்தைக்கும் என்றே படைத்ததுபோல. வெயிலில் போட்டு எடுத்தால் பொங்கி எழும். ஆனால் வருடக்கணக்கில் வியர்வை இறங்கினால், இழை நொறுங்கித் தூளாகும், மற்றது கட்டியாகும்.

பிறகு வந்தவை பைபர் தலையணைகள். சண்டை முடிந்து, போனவர்கள் விடுமுறைக்குத் திரும்பி வரத் தொடங்கிய பிறகு, மலிவு விற்பனையில் இரண்டு எடுத்தால் விலைக்கழிவு என்று வாங்கியவை. வெள்ளை வெளேரென்று, வாங்கின அன்று முகில்போல இருக்கும். உள்ளே இருப்பது பொலியெஸ்டர், அதாவது சோடாப் போத்தலின் அதே பிளாஸ்டிக், இழையாக இழுக்கப்பட்டது. இரண்டு வருடத்தில் தூங்கி வழிந்துவிடும். ஹொரணையில் பழைய போத்தலை உருக்கி நூலாக்குகிறார்கள், அது நல்ல காரியம். ஆனால் போத்தல் இழையாகலாம், வியர்வையும் எண்ணெயும் ஊறிய இழை மறுபடி போத்தலாகி யாரும் கண்டதில்லை. கீழே மணி அடித்துக்கொண்டு வருகிற போத்தல் பேப்பர்காரர் இரும்பை எடுப்பார், பத்திரிகையை எடுப்பார், போத்தலை எண்ணிக் காசு தருவார். தலையணையைக் கண்டால் கையை விரித்து ஆட்டிவிட்டுப் போவார். பொருளின் உண்மை விலையை அந்த மனிதரைப்போலச் சொல்லக்கூடியவர் வேறு யாரும் இல்லை.

மகளுக்குச் சின்ன வயதில் தொய்வு, அதாவது ஆஸ்துமா, இருந்தது. வைத்தியர் முதலில் கேட்டது மருந்தைப் பற்றி அல்ல, "பிள்ளை படுக்கிற தலகாணி எத்தனை வருசப் பழசு?" என்றுதான். கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சிகள் நம் தோலில் இருந்து உதிர்வதைத் தின்று வாழ்கின்றன, காற்றில் உள்ள ஈரத்தைக் குடிக்கின்றன. கொழும்பின் புழுக்கம் அவற்றுக்குச் சொர்க்கம் என்றார். அறுபது பாகைச் சூடுள்ள நீரில் கழுவினால் சாகும், இல்லாவிட்டால் மாற்ற வேண்டும். அன்று மாலையே அவளுக்குப் புதியது வாங்கினோம். பழையதை என்ன செய்தோம்? வீட்டு வேலைக்கு வருகிற அக்காவிடம் கொடுத்தேன். அவர் வீட்டிலும் இரண்டு சின்னப் பிள்ளைகள் இருந்தார்கள். அவர் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு போனார். அந்த மாலையின் இரண்டு பாதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குப் பல வருடம் பிடித்தது.

வெல்லம்பிட்டிய

2016 மே. வெசாக் நெருங்கிய நாட்கள். விடாத மழையில் களனி கங்கை பெருகி கொலன்னாவ, வெல்லம்பிட்டிய, கடுவெல பக்கம் எல்லாம் தண்ணீர். கூரை ஓட்டில் ஆட்கள் நின்ற படங்களை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். எங்கள் தொடர்மாடியிலும் கீழே வாகனம் நிறுத்துகிற இடத்தில் பொருள் சேர்த்தோம். அரிசி, பருப்பு, பால்மா, மெழுகுதிரி, பெண்களுக்கான துவாய்கள். அப்புறம் உடுப்புகள், மலைபோல. நான் ஆறு தலையணை கொண்டுவந்து வைத்தேன். சும்மா வைக்கவில்லை. உறைகளைத் தோய்த்து, கஞ்சி போட்டு, இஸ்திரி பிடித்துப் போட்டிருந்தேன். இரண்டு உறைகளில் மாமியின் கைத்தையல், ஓரத்தில் நீலப் பூ. பார்ப்பவர்கள் "எவ்வளவு வடிவாச் செய்திருக்கிறியள்" என்றார்கள். எனக்கும் நெஞ்சு நிறைந்துதான் இருந்தது.

தண்ணீர் வடிந்த பிறகு இரண்டு வான்களில் போனோம். அந்த ஒழுங்கையை மறக்க முடியாது. சுவர்களில் என் தோள் உயரத்துக்குக் கபில நிறக் கோடு, எல்லா வீட்டிலும் ஒரே மட்டம். ஒவ்வொரு படலைக்கு முன்னாலும் ஒரு குவியல். சேறு பூசிய கதிரைகள், பள்ளிக்கூடப் புத்தகங்கள், வீங்கி வெடித்த பலகை அலுமாரி, அவற்றுக்கு மேலே மெத்தைகள். தண்ணீர் குடித்த ஒரு மெத்தையை மூன்று ஆண்கள் கயிறு போட்டு இழுத்துக்கொண்டு வந்ததைப் பார்த்தேன். பஞ்சு வழிந்து சேற்றில் கலந்து கஞ்சிபோலக் கிடந்தது. அதன் நாற்றம் மூக்கில் இருந்து போக இரண்டு நாள் ஆனது.

ஒரு வீட்டுக்கு முன்னால் ஒரு பெண் சட்டி பானைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். முப்பது வயது இருக்கும். தலையில் முக்காடு, கைகள் முழங்கை வரை நனைந்து, விரல் நுனிகள் வெளிறிச் சுருங்கியிருந்தன. அரிசிப் பையை வாங்கினாள். பால்மாவை வாங்கி உள்ளே ஒரு பிள்ளையிடம் கொடுத்தாள். நான் தலையணையை நீட்டினேன். வாங்கி, இரண்டு கையாலும் நடுவில் அமுக்கினாள். முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனாள். பிறகு உறையின் வாயைத் திறந்து, தலையணையை உருவி எடுத்து, உறையை நாலாக மடித்துத் தோளில் போட்டுக்கொண்டாள். தலையணையை இரண்டு கையாலும் என்னிடம் திருப்பி நீட்டினாள்.

"உறை நல்லா இருக்கு மிஸ், இத வெச்சிக்கிறேன். தலவாணி வாணாம்."

எனக்கு முகம் சுட்டது. "பரவாயில்லை தங்கச்சி, வைச்சிருங்கோ, தேவைப்படும்" என்றேன். அவள் கோபப்படவில்லை. பக்கத்துக் குவியலைக் கையால் காட்டினாள்.

"மூணு நாளா எங்கட மெத்தைய, தலவாணிய வெளிய இழுத்துப் போடுறது மட்டும்தான் வேல. ஊடு காயவே இன்னும் ஒரு மாசம் போகும். சுவர்ல சாச்சாலும் இது ஈரம் குடிச்சிடும். அப்புறம் இதையும் நாங்கதான் தூக்கிட்டுப் போய்ப் போடணும்." கொஞ்சம் நிறுத்தி, கூரைகளுக்கு மேலால் தெரிந்த மேட்டைக் காட்டினாள். "எல்லாம் அங்கதான் போகும் மிஸ். திரும்ப எங்களுக்குப் பின்னாலயே வந்து நிக்கும்."

அது மீதொட்டமுல்லக் குப்பை மேடு. புளூமெண்டல் மேடு மூடப்பட்ட பிறகு கொழும்பு மாநகரின் குப்பை வந்து குவிந்த இடம். நான் அதுவரை அதன் பெயரைச் செய்தியில் கேட்டிருக்கிறேன், அவ்வளவுதான். அன்று அந்த ஒழுங்கையில் நின்றுதான் எனக்கு ஒன்று விளங்கியது. இந்தத் தலையணையை வெள்ளவத்தையில் குப்பைத் தொட்டியில் போட்டிருந்தால் லொறி ஏறி இங்கேதான் வந்திருக்கும். போட மனம் வராமல் தானமாகக் கொடுத்தேன். வான் ஏறி இங்கேதான் வந்திருக்கிறது. இரண்டு வழியும் அவள் வீட்டுப் பின்புறத்தில்தான் முடிகிறது. ஒரேயொரு வித்தியாசம், லொறியில் வந்தால் அது என்னுடைய குப்பை. வானில் வந்தால் அது அவளுடைய குப்பை, தூக்கிப் போடுகிற வேலையும் அவளுக்கு.

திரும்பி வரும்போது அந்தத் தலையணை என் மடியில் இருந்தது. மற்ற ஐந்தும் போய்விட்டன. அந்த ஐந்து வீட்டிலும் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதுதான் இன்றும் என்னை அரிக்கிறது. அவர்களுக்குத் தேவையாக இருந்ததா, அல்லது பெரிய மனுசிபோல வந்து நிற்கிற ஒருத்தியிடம் வேண்டாம் என்று சொல்லத் தயங்கினார்களா? என் வீட்டுக்கு வந்த அக்காவும் ஒருநாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை. சம்பளம் தருகிற வீட்டில் எப்படிச் சொல்வது? வெல்லம்பிட்டியப் பெண்ணிடம் எல்லாம் போயிருந்தது, ஆனாலும் முகர்ந்து பார்த்துத் திருப்பித் தந்தாள். அந்த ஒரு மறுப்புக்காக நான் அவளை மரியாதையோடு நினைக்காத மாதம் இல்லை.

அதற்கு அடுத்த வருடம், 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு நாள், அந்த மேடு சரிந்து வீடுகள் மேல் விழுந்தது. முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நாங்கள் கைவிசேடம் கொடுத்து, பலகாரம் சாப்பிட்டுவிட்டு இருந்த பிற்பகல். தொலைக்காட்சியில் மீட்புப் பணி காட்டினார்கள். மண் மாதிரித் தெரிந்தது மண் அல்ல. பொலித்தீனும் துணியும் பஞ்சும். அவளுடைய ஒழுங்கை எது என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. அவள் பெயரைக்கூட அன்று கேட்கவில்லையே என்பது அப்போதுதான் உறைத்தது. என் வீட்டில் இருந்து இருபது வருடத்தில் எத்தனை தலையணை, எத்தனை பாய், எத்தனை பை அந்த மேட்டுக்கு ஏறியிருக்கும் என்று அன்று இரவு எண்ண முயன்றேன். எண்ண முடியவில்லை.

புதுசு யாருக்கு, பழசு யாருக்கு

எங்கள் பக்கத்தில் அந்தியேட்டிக்கு ஐயருக்குத் தானம் கொடுப்போம். பாய், தலையணை, குடை, செருப்பு, செம்பு. எல்லாம் புதுசு. இறந்தவர் படுத்த தலையணையைத் தட்டிக் கொட்டி உறை மாற்றிக் கொடுக்கலாம் என்று யாருக்காவது தோன்றுமா? தோன்றாது. தானம் என்றால் புதுசுதான் என்று நமக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டுதான் ஏழைக்கு வேறு சட்டம் வைத்திருக்கிறோம். மாமனார் அந்தியேட்டிக்கு வெள்ளவத்தைக் கடையில் நல்ல தலையணையாகப் பார்த்து வாங்கியதும் நான்தான், வெல்லம்பிட்டியவுக்கு அலுமாரி மேல்தட்டைக் காலி பண்ணியதும் நான்தான்.

இதற்கு நேர்மாறாக ஒரு நினைவு. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே எழும்பி நடந்தபோது நாங்களும் நடந்தோம். மழை. சாவகச்சேரியில் முன்பின் தெரியாத ஒரு வீட்டு விறாந்தையில் இடம் தந்தார்கள். அந்த வீட்டில் அன்று நாற்பது பேராவது இருந்திருப்போம். அம்மம்மா நடந்து வந்ததில் நாரி நிமிர்த்த முடியாமல் சுவரோடு சாய்ந்திருந்தா. வீட்டுக்கார அம்மா உள்ளே போய்த் தன் கட்டிலில் இருந்த தலையணையை எடுத்துக்கொண்டு வந்து, "ஆச்சி, இதில சாயுங்கோ" என்று வைத்தா. அந்த உறையில் அவவின் தலை எண்ணெய் மணம் இருந்தது. புதுசு இல்லைதான். ஆனால் அன்று இரவு அந்த அம்மா தலையணை இல்லாமல் படுத்தா. தான் படுக்கிறதைத்தான் எடுத்துத் தந்தா, தனக்கு ஆகாததை அல்ல. இருபது வருடம் கழித்து அதே தலையணையைத் திருப்பிக் கொடுக்கிற சந்தர்ப்பம் எனக்குக் கிடைத்தது. நான் கொடுத்தது என்ன என்று மேலே எழுதிவிட்டேன்.

2019 ஜூலையில் ஒரு செய்தி வந்தது. பிரித்தானியாவில் இருந்து கொழும்புத் துறைமுகத்துக்குக் கொள்கலன் கொள்கலனாக வந்து இறங்கியவை. பத்திரத்தில் எழுதியிருந்தது பழைய மெத்தைகள், கம்பளங்கள், மீள்சுழற்சிக்கு. சுங்கத்தினர் திறந்து பார்த்தால் மருத்துவமனைக் கழிவும் உள்ளே. துறைமுகத்தில் ஒரு பங்கு, கட்டுநாயக்க வர்த்தக வலயத்தில் ஒரு பங்கு என்று நாறிக் கிடந்தது. வழக்குப் போட்டு, 2020 செப்டம்பரில் 21 கொள்கலன்கள் திரும்பிப் போயின. கடைசித் தொகுதி 2022 பெப்ரவரியில்தான் கப்பல் ஏறியது. மொத்தம் 263. வீட்டில் எல்லாரும் கொதித்தோம். "எங்களை என்ன குப்பைத்தொட்டி எண்டு நினைச்சினமோ?" என்று அவர் பத்திரிகையை மேசையில் அடித்தார். நானும் கொதித்தேன். ஆனால் பழைய மெத்தைகள் என்ற சொல்லைப் படித்ததும் நான் பேச்சை நிறுத்திவிட்டேன். மீள்சுழற்சி என்று எழுதி அனுப்பினார்கள் அவர்கள். நிவாரணம் என்று எழுதி அனுப்பினேன் நான். கொழும்பு தன் குப்பையை அதே 2019இல்தான் புத்தளம் பக்கத்து அருவக்காட்டுக்கு அனுப்பத் தொடங்கியது. 1990இல் வடக்கில் இருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் பெருமளவில் குடியேறிய புத்தளத்து மக்கள் எங்களுக்கு வேண்டாம் என்று வீதியில் நின்று கத்தினார்கள். அதற்கு வெள்ளவத்தையில் யாரும் மேசையில் அடிக்கவில்லை.

பதினொன்றும் என்ன ஆயின

மகளிடம் இவ்வளவையும் அன்று கட்டிலில் இருந்தபடியே சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்ப என்ன செய்யிறது அம்மா?" என்றாள். நியாயமான கேள்வி. இரண்டு பேரும் பல்கனியில் பழைய பெட்சீற்றை விரித்து, மூக்கில் ஈரத்துணி கட்டிக்கொண்டு, ஒவ்வொன்றாகத் தையலைப் பிரித்தோம்.

நான்கு இலவம்பஞ்சு. ஐந்து பைபர். மிச்சம் இரண்டையும் பஞ்சு என்றுதான் நினைத்திருந்தேன். பிரித்தால் உள்ளே ஆடைத் தொழிற்சாலையில் வெட்டி மிஞ்சிய துணித் துண்டுகள். பிடி பிடியாக எடுக்க எடுக்க வந்தது. நீலக் கோடுபோட்ட சேட்டுத் துணியின் மூலைகள், கறுப்பு நைலோன், விரல் நீள எலாஸ்டிக் துண்டுகள், ஒரு துண்டில் வெள்ளைச் சுண்ணாம்பால் போட்ட அளவுக் குறி அழியாமல் இருந்தது. எந்த வலயத்தில் எந்தப் பெண் எந்த நேரத்தில் போட்ட குறியோ. அதன்மேல்தான் யாரோ ஒரு விருந்தாளி விசாக் கனவோடு தூங்கியிருக்கிறார். மகள் அந்தத் துண்டைத் தனியாக எடுத்து வைத்தாள். மற்றவற்றில் பருத்தியாக இருந்ததைத் தோய்த்துத் துடைக்கிற துணியாக்கினோம். நைலோனையும் எலாஸ்டிக்கையும் இறுக்கித் திணித்துத் தரையில் இருக்கிற மெத்தணை ஒன்று தைத்தோம். பாரமானது, ஆனால் சப்பளியாது.

இலவம்பஞ்சுதான் அதிக வேலை. கட்டிகளை விரலால் பிய்க்க வேண்டும், மிளகு மாதிரிக் கறுத்த விதைகளைப் பொறுக்க வேண்டும், தூளை உதற வேண்டும். கொழும்பு வெயிலை நம்ப முடியாது. ஒரு மணித்தியாலம் காயும், மேற்கே கறுக்கும், ஓடிப்போய் அள்ள வேண்டும். காற்றில் பறந்த பஞ்சு கீழ்வீட்டுத் துளசிச் செடியில் போய் ஒட்டியது, இறங்கிப் போய் மன்னிப்புக் கேட்டேன். எட்டு நாள் இழுபட்டது. நாலில் இருந்து மூன்று தேறியது. ஒழுங்கை முனைத் தையற்காரர் கோடுபோட்ட தடித்த துணியில் பைகள் தைத்துத் தந்தார். கூலியைக் கணக்குப் பார்த்தால் புதுப் பைபர் தலையணை இதைவிட மலிவு. அது எனக்குத் தெரிந்துதான் கொடுத்தேன்.

பைபர் ஐந்தில் மூன்றைச் சுடுநீரில் கழுவி, இழையைப் பிரித்துக் காயவைத்து, கதிரை மெத்தணைக்குள் போட்டேன். கீழே காவலுக்கு இருக்கிற ஐயாவின் பிளாஸ்டிக் கதிரைக்கு ஒன்று தரட்டுமா, எந்த அளவில் வேண்டும் என்று முதலிலேயே கேட்டேன். சிரித்துக்கொண்டு "எபா நோனா" என்றார். வேண்டாமாம், சாய்ந்தால் தூக்கம் வருமாம். அந்த வேண்டாம் எனக்கு ஆறுதலாக இருந்தது. தெருநாய்களைப் பராமரிக்கிற ஒரு இடத்துக்கும் தொலைபேசி எடுத்தேன். பழைய துவாய், பெட்சீற், பத்திரிகை எவ்வளவு இருந்தாலும் தாருங்கள், தலையணை மட்டும் வேண்டாம், கடித்துப் பிய்த்து விழுங்கிவிடும் என்றார்கள். எங்களிடம் ஐந்து துவாய் இருந்தது, கொண்டுபோய்க் கொடுத்தோம். இல்லங்களுக்குக் கொடுக்க விரும்புகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன்: முதலில் தொலைபேசியில் என்ன வேண்டும் என்று கேளுங்கள். தலையணை வேண்டும் என்றால் கடைக்குப் போய், உங்கள் வீட்டு விருந்தாளிக்கு வாங்குகிற தரத்தில் வாங்குங்கள்.

பூஞ்சணம் பிடித்த இரண்டும் எதற்கும் ஆகவில்லை. உக்காத குப்பை எடுக்கிற நாளில் பையில் கட்டிக் கீழே வைத்தேன். 2021இல் இருந்து கெரவலப்பிட்டியவில் 10 மெகாவாட் மின் நிலையம் கொழும்புக் குப்பையை எரிக்கிறது, அங்கே போயிருக்கலாம். சந்தோசமாக வைக்கவில்லை. ஆனால் என் வீட்டுக் குப்பையாக, என் பெயரிலேயே போனது. அதில் ஒன்று, 2016இல் வெல்லம்பிட்டியவில் இருந்து உறையில்லாமல் என் மடியில் திரும்பி வந்த அதே தலையணை.

இதற்கிடையில் கனடாக்காரர் வந்துவிட்டார்கள். இலவம்பஞ்சு அப்போது பல்கனியில் பாதி காய்ந்தும் காயாமலும் கிடந்தது. புதுசாக நாலு வாங்கவில்லை. அவர்கள் போன பிறகு அந்த நாலும் மேல்தட்டுக்குத்தான் போகும் என்று மகளே சொன்னாள். மேல்மாடி வீட்டு அக்காவிடம் போய் நான்கு தலையணை இரவல் கேட்டேன். வெள்ளவத்தையில் அரிசி மாவும் தேங்காயும் இரவல் கேட்டிருக்கிறேன், தலையணை கேட்க முதலில் கூச்சமாக இருந்தது. அவவுக்கும் அலுமாரி நிறைய இருந்தது. நல்லதாக நாலு பார்த்துத் தந்தா. ஐந்தாம் நாள் உறைகளைத் தோய்த்து மடித்து, ஒரு டப்பாவில் பருத்தித்துறை வடையும் வைத்துத் திருப்பிக் கொடுத்தேன்.

இரண்டு மாதம் கழித்து அவ எங்கள் கதவைத் தட்டினா. லண்டனில் இருந்து தங்கச்சி வருகிறாவாம், அவவுக்குக் கழுத்து நோவாம், பைபர் ஒத்துவராதாம். "நீங்கள் ஏதோ இலவம்பஞ்சு தைச்சு வைச்சிருக்கிறியளாமே, ரெண்டு தாங்கோவன்" என்றா. மூன்றையும் கொண்டுவந்து கதிரையில் வைத்தேன். ஒவ்வொன்றாக எடுத்து நடுவில் அமுக்கினா, முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய் முகர்ந்தா. இரண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, மூன்றாவதை என்னிடம் திருப்பித் தந்தா.

"இதில இன்னும் கொஞ்சம் பழைய மணம் இருக்கு. இன்னொருக்கா வெயில்ல போடுங்கோ."